தலைகீழாய்ப் பிடித்த புத்தகம்

அச்சகத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் வைத்தவர் கண்ணுள்ள மனிதர். புத்தகங்களுக்கும் அழைப்பிதழ்களுக்கும் பக்கம் வடிவமைப்பது அவர் வேலை. உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைதான். இவரோ நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே நடந்துகொண்டே செய்வார். திரையில் ஒரு வரியைக் கொஞ்சம் கீழே இறக்குவார், எழுந்து பின்னால் போய் நின்று பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல் ஓடிவந்து மறுபடி மேலே ஏற்றுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலை சுற்றுகிறது என்று சொல்லி நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது. அச்சடித்த எதைக் கையில் கொடுத்தாலும் அவர் கண்ணுக்கு எழுத்தின் உருவம்தான் தெரியும். அது என்ன சொல்கிறது என்பது மண்டைக்குள் ஏறாது. கல்யாண அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, "தலைப்புக்கு இவ்வளவு கனமான எழுத்தா?" என்று முகம் சுளிப்பார். கல்யாணம் யாருக்கு என்று கேட்டால் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். தேதியைப் பார்க்காமல் எத்தனையோ விருந்துகளைக் கோட்டை விட்டிருக்கிறார்.

ஒருமுறை அவருடைய மச்சினனுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் சம்மதக் கையெழுத்துக்காக ஒரு தாளை நீட்டினார்கள். பம்பரம் அதை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இதை அடிச்சது? வரிக்கு வரி இடமே விடல. மூச்சு முட்டுது பாருங்க" என்றார் செவிலியிடம்.

தள்ளுவண்டியில் சுருண்டு கிடந்த மச்சினன் தலையைத் தூக்கினான். "மாமா, அது மூச்சு விடறது இருக்கட்டும். நான் விடணுமா வேண்டாமா? கையெழுத்தைப் போடுங்க!"

வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதோடு சரி, அடுத்த தாள் கைக்கு வந்ததும் பழைய கதைதான்.

அவருடைய மனைவிக்கு மின்சார அலுவலகத்தில் வேலை, புகார்ப் பிரிவில். காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் விளக்கு அணைந்தாலும் முதல் திட்டு அவள் காதில்தான் விழும். திட்டுகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், எதற்குப் போன் செய்தோம் என்பதையே மறந்துவிட்டு மருமகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்று எல்லாரும் அவளிடம் வந்து சேர்வார்கள். அந்த அழைப்புகளையெல்லாம் சின்னச் சின்னக் கதைகளாக அவள் எழுதி வைத்திருந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் எழுதியது, கையால் எழுதியது. பக்கத்து இருக்கைத் தோழி முதல் கதையைப் படித்துவிட்டு அடக்க முடியாமல் சிரித்ததில், தொலைபேசியில் காத்திருந்த ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் இருட்டுல கிடக்கறேன், உங்களுக்கு அங்க சிரிப்பா இருக்கா?" என்று அவர் கத்த, அதுவும் ஒரு கதையாகிவிட்டது.

இதைப் புத்தகமாகப் போட்டே தீரவேண்டும் என்று தோழி ஒற்றைக்காலில் நின்றாள். அலுவலகத்தின் ஆண்டுக்கூட்டம் மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அங்கேயே வெளியிட்டுவிடலாம் என்றாள். வீட்டிலேயே பக்கம் போடுகிற ஆள் இருக்கும்போது என்ன கவலை?

மனைவி தாள்கட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எப்போது எழுதினாய், என்ன எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. "எந்த அளவுல போடலாம், சின்னதாவா பெருசாவா?" என்றுதான் கேட்டார்.

"படிச்சுப் பாருங்க. பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் அவள்.

இதில் முதல் பாதி அவர் காதில் ஏறவில்லை.

தட்டச்சுப் பிரிவில் கதைகளை அடித்துக் கொடுத்ததும் பம்பரம் சுழல ஆரம்பித்தது. மனைவியின் புத்தகம், சாதாரண எழுத்திலா போடுவது? அச்சகத்தில் இருந்ததிலேயே கம்பீரமான எழுத்துருவாகப் பார்த்து எடுத்தார். தடித்த கோடுகள், அகன்ற தோள்கள், சுழிகளெல்லாம் மை குடித்துக் குண்டாக உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் தலைகீழாக ஒட்டினார்.

தலைகீழாக ஒட்டுவது அவர் வழக்கம். நேராகப் பிடித்தால் கண் சொல்லைத் தேடிப் போய்விடும், தலைகீழாகப் பிடித்தால் கறுப்பும் வெள்ளையும் மட்டும் தெரியும், எங்கே அடர்த்தி, எங்கே ஓட்டை என்று பக்கமே காட்டிக்கொடுத்துவிடும் என்பார். அச்சகத்தில் எல்லாருக்கும் இது பழகிப்போயிருந்தது. மெய்ப்புத் திருத்துகிற அம்மாள் மட்டும், "ஒரு நாளாவது நேராப் பிடிச்சுப் பாருங்க சார், உலகம் அப்படியும் நல்லாத்தான் இருக்கு" என்று கிண்டல் செய்வார்.

மனைவியின் பக்கங்களில் ஓட்டைகள் ஏராளம். அவள் கதைகளில் பாதிக்கு மேல் பேச்சு. புகார் சொல்கிறவர் ஒரு வார்த்தை சொல்வார், இவள் இரண்டு வார்த்தை பதில் சொல்வாள், ஒவ்வொன்றும் தனி வரி. தலைகீழாகப் பார்க்கும்போது பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது, பல் விழுந்த வாய்போல. அவருக்கு அது பொறுக்குமா? குட்டி வரிகளை இழுத்து ஒன்றோடொன்று சேர்த்தார். சேர்க்கச் சேர்க்கப் பக்கம் நிரவிக்கொண்டு வந்தது. கடைசியில் நான்கு மூலையும் கச்சிதமான ஒரு கறுப்புக் கட்டம் கிடைத்தது. நெடுநாளைக்குப் பிறகு அன்று அவர் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மனைவி அந்தப் பக்கங்களை அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அந்தப் பக்கத்து வீட்டுப் புகார்க் கதையை என் சிநேகிதிகிட்ட குடுத்தேன்" என்றாள்.

"நல்லா இருக்குன்னாளா? இடைவெளி பார்த்தாளா, எவ்வளவு சீரா வந்திருக்கு!"

"'பாவம்டி அந்த மனுஷன்'னு சொன்னா."

"யாரு?"

"கதையில வர்ற ஆள். அவ சிரிக்கவே இல்லைங்க. கையால எழுதினதைப் படிச்சுட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்சவ."

எழுத்து கனமாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று பம்பரம் முடிவு கட்டினார். மறுநாள் மெலிந்து சாய்ந்த எழுத்துரு ஒன்றை எடுத்தார். அதை மச்சினனிடம் கொடுத்தார்கள். அவன் முதல் பக்கம் முடிவதற்குள் காதைத் தேய்த்துக்கொண்டான். "யாரோ காதுக்குப் பக்கத்துல வந்து குழையற மாதிரி இருக்கு மாமா. கரண்ட் ஆபீஸ்ல இப்படியா பேசுவாங்க?" என்றான். சரி, அதுவும் வேண்டாம். உருண்டை உருண்டையாக, குழந்தைகளுக்குப் போடுகிற எழுத்து ஒன்று வந்தது. தோழி அதைப் படித்துவிட்டு, கடைசியில் கேள்வி பதில் உண்டா என்று கேட்டாள். பாடப்புத்தகம் என்றே நினைத்துவிட்டாள்போல.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது எழுந்துபோய் ஒரு தாளைப் பார்ப்பார். பல் தேய்த்துக்கொண்டே இன்னொரு தாளைப் பார்ப்பார். பேருந்தில் நின்றுகொண்டு கடைப் பெயர்ப் பலகைகளிலிருந்து எழுத்துப் பொறுக்குவார், இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விடும். எழுத்தை மாற்றினார், அளவை மாற்றினார், வரிக்கு நடுவே இடம் விட்டார். மேல் வரியில் தொங்குகிற வால் கீழ் வரியின் வளைவைத் தொடுகிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுநாள் மல்லுக்கு நின்றார். சேர்த்த வரிகளை மட்டும் அவர் தொடவில்லை. அது சீராக வந்த ஒன்று, அதை எதற்குக் கலைக்க?

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மனைவி ஒரு பக்கத்தைக் கையில் வாங்கினாள். சமையல்கட்டு விளக்கின்கீழ் நின்று உதடு அசையப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, எழுத்து இன்னும் ஒரு சுற்று மெலிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

"இது நான் எழுதினதுதானா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒரு வார்த்தைகூட மாத்தல. சத்தியமா."

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்." தாளை மடித்தாள். "விட்டுடலாங்க. எனக்குப் பேசத்தான் வரும். எழுத வரல. அவளும் என் முகத்துக்காகத்தான் முதல்ல சிரிச்சிருக்கணும்."

"என்ன பேச்சு இது! இன்னும் ஒரு ஃபான்ட் இருக்கு, நாளைக்கு..."

"இதுவரைக்கும் போட்டதுல எதைப் படிச்சப்ப உங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு? அதைச் சொல்லுங்க, அதுலயே போடலாம்."

பம்பரம் வாயைத் திறந்தார். எந்தக் கதையில் என்ன வருகிறது என்று அவருக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.  அவள் கையெழுத்துப் பிரதியை எடுத்துத் துணி அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குக் கீழே வைத்தாள். நாளைக்குத் தோழியிடம் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் வேறு ஏதாவது நிகழ்ச்சி வைத்துக்கொள்ளட்டும் என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அச்சகத்தில் அவர் நடந்த நடைக்குத் தரை தேய்ந்திருக்க வேண்டும். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. தோழிமேல் வந்தது, ரசனையில்லாதவள் என்று. மச்சினன்மேல் வந்தது. அந்த எழுத்துருக்களை உருவாக்கிய முகம் தெரியாத ஆட்கள்மேல் வந்தது. இனி அவள் பேனாவைத் தொடமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. அதற்கு என்ன செய்வது என்றுதான் புரியவில்லை.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். எட்டிப் பார்த்தால் மெய்ப்பு அம்மாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பிழை தேடுகிற அந்த அம்மாள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேளை வந்தீங்க சார். ஒரு சந்தேகம்" என்று சிவப்புப் பேனாவால் வட்டமிட்ட ஒரு தாளை நீட்டினார். "உங்க வீட்டம்மா புத்தகம்தான். நீங்க போட்ட பக்கத்துல இந்த வரியை யார் சொல்றாங்கன்னே தெரியல. புகார் சொல்ற ஆளா, இவங்களா? எங்கிட்ட இருக்கற பிரதியில தனித்தனியா இருக்கு. எது சரி?"

"அந்தப் புத்தகம் வரப்போறதில்லம்மா" என்று சொல்ல வந்தார். ஆனால் தொழிலில் கேட்ட கேள்வி, பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். அம்மாளுடைய பிரதியை வாங்கினார். மெய்ப்புப் பார்ப்பதற்கென்று தட்டச்சுக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்தது. பேருந்து அட்டவணைக்கும் வரி ரசீதுக்கும் போடுகிற அதே சாதாரண எழுத்து. கொஞ்சம் பெரியதாக, வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டு, பேச்செல்லாம் தனித்தனி வரியாக ஓட்டையும் உடைசலுமாகக் கிடந்தது. பார்த்ததும் கை தன்னால் தாளைத் தலைகீழாகத் திருப்பப் போனது. ஆனால் யார் பேசுகிறார்கள் என்று தலைகீழாகப் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது. வேறு வழியில்லாமல் படித்தார்.

"எங்க வீட்ல கரண்ட் இல்ல."

"எவ்வளவு நேரமா இல்ல சார்?"

"அது பரவாயில்ல."

"பரவாயில்லையா?"

"பக்கத்து வீட்ல எரியுதே. அதான் புகார்."

வட்டமிட்டிருந்தது 'பரவாயில்லையா' என்கிற வரி. பம்பரம் "ஹ" என்றார். ஒரு சத்தம்தான் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் தான் முதன்முதலில் போட்ட, அம்மாள் வட்டமிட்ட பக்கத்தை எடுத்து அதே இடத்தைப் படித்தார். எல்லாம் ஒரே மூச்சாக ஓடியது. யார் கேட்டது, யார் பதில் சொன்னது, எங்கே நிற்கவேண்டும், ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆள் 'அது பரவாயில்ல' என்று சொல்லிவிட்டு வாயை மூடுகிற இடத்தில் முன்பு ஒரு வெள்ளை இருந்தது. ஓட்டை என்று அவர் அடைத்த வெள்ளை. மேலே அந்தத் தடித்த எழுத்து வேறு, ஊர்வலத்தில் போகிறவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. இதைப் படித்தால் யார் சிரிப்பார்கள்? பாவம் அந்த மனுஷன் என்றுதான் தோன்றும்.

"வேற யாரும் இல்ல, நானேதான் கழுத்தைத் திருகிட்டேன்" என்றார்.

"யார் கழுத்தை சார்?" என்று அம்மாள் பதறினார்.

 அவர் பிரதி முழுவதையும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. அச்சு எந்திரம் ஓட்டுகிறவர் அந்தப் பக்கமாக வந்து, பம்பரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா சார், டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார். கையை ஆட்டி அவரை அனுப்பிவிட்டு அடுத்த கதைக்குப் போனார்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"தப்பு உன்மேல இல்ல. எல்லாம் நான் பண்ணினது. வரியையெல்லாம் இழுத்துச் சேர்த்துட்டேன், பார்க்க அழகா இருக்கணும்னு. மேல கொண்டுபோய்ப் பட்டாளத்து எழுத்தைப் போட்டேன். நீ எங்க நிறுத்தணும்னு வெச்சியோ அங்கெல்லாம் நான் ஓட வெச்சுட்டேன். அப்புறம் எப்படிச் சிரிப்பாங்க?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ நான் எழுதினது மோசமில்லையா?"

"மோசமா! உட்காரு, உட்காரு, கேளு." தாள்களைப் புரட்டினார். குரலை மாற்றி மாற்றி, புகார் சொல்கிறவராகவும் அவளாகவும் படித்துக்காட்டினார். பக்கத்து வீட்டுக் கதையில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைப் புறங்கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். நாள்கணக்காகச் சுருங்கிக் கிடந்த முகம் விரிந்ததைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. வரிகளைப் பழையபடி பிரித்துவிட்டு நாளைக்கே அச்சுக்கு அனுப்பிவிடலாம், சனிக்கிழமைக்குப் புத்தகம் கையில் இருக்கும் என்றார். அவள் தோழிக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தாள்.

"இரு, இதைக் கேட்டுட்டுப் பேசு" என்று அவர் மூன்றாவது கதையை எடுத்தார். ஒருவன் தொலைபேசியில் வருகிறான். வீட்டில் மின்சாரம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்கிறான். அப்புறம் என்ன புகார் என்று இவள் கேட்கிறாள். மின்சாரம் நின்றால்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் அவரவர் அறையைவிட்டு ஒரே இடத்துக்கு வருகிறார்கள், ஒரு அரைமணி நேரம் நிறுத்தித் தரமுடியுமா என்கிறான். இவள் புகார் வகை என்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், 'மின்சாரம் தொடர்ந்து வருகிறது' என்று எழுதிவைக்கிறாள்.

படித்து முடித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்படி ஒருத்தன் பேசினான்னு நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றார்.

அவள் தொலைபேசியை மேஜைமேல் வைத்தாள்.

"சொன்னேன்."

"எப்போ?"

"அவன் பேசின அன்னிக்கே. இதே மேஜையில. நீங்க பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டிருந்தீங்க. நான் சொல்லி முடிச்சதும், 'இந்த எழுத்துல எவனாவது திங்கற பொருளுக்குப் பேர் போடுவானா'ன்னு கேட்டீங்க."

 பம்பரம் அவசர அவசரமாக வேறொரு பக்கத்தைத் தள்ளினார். "இது? இந்த மருமகளைப் பத்திப் பேசற அம்மா?"

"அதையும் சொல்லியிருக்கேன். ரெண்டு தடவை."

"பக்கத்து வீட்டுக் கதை?"

"எல்லாமே சொன்னதுதாங்க. இதுல உங்ககிட்ட சொல்லாத கதை ஒண்ணுகூட இல்ல." அவள் நறுக்கிய காயைப் பாத்திரத்தில் தள்ளினாள். "காதுல விழலைன்னு தெரிஞ்சுது. சரி, அச்சுல வந்தாலாவது பார்ப்பாருன்னுதான் எழுத ஆரம்பிச்சேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தாங்க முடிந்திருக்கும். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை மறுபடி எடுத்து, தோழியின் எண்ணைப் போட்டாள்.

"நான்தான்டி பேசறேன். மத்தியானம் சொன்னதை மறந்துடு, புத்தகம் சனிக்கிழமை வருது." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். அவள் கணவரைப் பார்த்தாள். "ஆமாடி. அவர் படிச்சுட்டார்."